சந்தைச் சதுக்கத்துக் கழிப்பிடத்துக்கு ஒரு தேர்தல்

கெல்தோர்ப்
நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்பு மகள் லிண்ட்சிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவன் ஃபின்னும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், வேறு மாதிரி நினைத்தால் எனக்குப் பேனா ஓடாது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது, டாக்டர் நடக்கச் சொல்கிறார், நான் சனிக்கிழமை தோறும் சதுக்கத்தில் மீன் கடை போட்டு நின்றுகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முன்பு போல இல்லை, அடிக்கடி ஒதுங்க ஓட வேண்டியிருக்கிறது, ஹேடாக் மீனைத் தராசில் வைத்துவிட்டு மன்னிச்சுக்கோங்க என்று சொல்லி ஓடுகிறேன். இதை மகளுக்கு எழுத வெட்கம் என்ன, நீயே நர்ஸ். பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்து வேலியை மறுபடியும் நம் பக்கம் நகர்த்திவிட்டார், அம்மா அவருக்கு ஆப்பிள் பை செய்து கொடுத்து வேலியை அவர் கையாலேயே திரும்ப நகர்த்த வைத்துவிட்டாள். நீங்கள் வீடு வாங்கப் போவதாகப் போனில் சொன்னாய். அங்கே டனீடனில் மழைக்குக் குறைவில்லை என்கிறாய், அப்படியானால் நல்ல மழை நாளில் போய்ப் பார், வெயில் நாளில் எந்த வீடும் நல்ல வீடுதான். விற்கிறவன் அவசரப்படுத்தினால் வீட்டுக்கு வந்து ஒரு டீ குடி, அப்புறம் பேசு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மா தேர்தலில் நின்றாள் என்று உனக்குத் தெரியும், என்ன ஆச்சு என்று நீ கேட்டபோது அவள் போனை வாங்கி "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா ஒரு சின்ன விஷயம்" என்று சொல்லி ஃபின்னின் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். ஒன்றுமில்லையா. இந்த எழுபத்தோரு வயதில் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றது மூன்றே தடவை, நீ பிறந்தபோது ஒரு தடவை, மற்ற இரண்டும் இந்த இலையுதிர் காலத்தில், நம் ஊர் டவுன் ஹாலுக்குள். அதனால் நானே எழுதுகிறேன், அவள் தேவாலயத்துப் பூ அலங்காரத்துக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து.

நகர மன்றத்தைப் பற்றி நான் என்ன நினைத்திருந்தேன் என்று உனக்கே தெரியும். பதினொரு பேர் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, விளக்குக் கம்பத்துப் பூக்கூடையில் சிவப்புப் பூ வைப்பதா மஞ்சள் பூ வைப்பதா என்று ஒரு மாலை முழுக்கப் பேசுவார்கள். சம்பளம் கிடையாது. கல்லறைத் தோட்டம், விளையாட்டுத் திடல், பேருந்து நிழற்குடை, சதுக்கத்துப் பெஞ்சு, கிறிஸ்துமஸ் விளக்கு, சனிக்கிழமைச் சந்தை, இவ்வளவுதான் அவர்கள் ராஜ்யம். ரோடு, பள்ளிக்கூடம், குப்பை எல்லாம் மேலே இருக்கிற பெரிய மன்றத்தின் கையில். பூந்தொட்டிக் கூட்டம் என்றுதான் நான் கூப்பிடுவேன். ஒரு பழைய வேனில் இரண்டு பெட்டி மீனோடு இந்த ஊருக்கு வந்து, யார் தயவும் இல்லாமல் கடை வைத்தவன் நான், எனக்கு எதற்கு மன்றமும் கின்றமும் என்று இருந்துவிட்டேன்.

பிரச்சனை வந்தது சதுக்கத்துக் கழிப்பிடத்தில். அதை இத்தனை காலம் நடத்தி வந்தது பெரிய மன்றம். இனி எங்களால் முடியாது, வேண்டுமானால் நகர மன்றம் எடுத்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் வருஷக் கடைசியில் பூட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். உனக்குச் சிரிப்பாக இருக்கும். நான் சிரிக்கவில்லை. அந்தக் கதவில் பூட்டுத் தொங்கினால் அடுத்த சனிக்கிழமை நான் கடை போட முடியாது, என் உடம்பு அப்படி. நான் மட்டுமா, துணிக் கடைக்காரர், பாலாடைக்கட்டி விற்கிற அக்கா, பஸ்ஸில் வருகிற வயசானவர்கள், பிள்ளை வண்டி தள்ளுகிற தாய்மார்கள் எல்லாருக்கும் அதே கதிதான். கடைக்காரர்கள் இரண்டு பேர் அப்போதே வேறு ஊர்ச் சந்தைக்கு இடம் கேட்டாயிற்று. எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று மன்றத்தில் கணக்குப் போட்டால் சரிபாதி, ஐந்துக்கு ஐந்து. சமமாக வந்தால் மேயர்தான் இன்னொரு ஓட்டுப் போட்டு முடிவு செய்வார், மேயர் வேண்டாம் என்கிற பக்கம். பதினோராவது ஆள் ஸ்பெயினில் போய்க் குடியேறிவிட்டதால் அந்த நாற்காலி காலி. வழக்கமாக அந்த மாதிரிக் காலியிடத்துக்கு அவர்களே ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார்கள். ஆனால் ஊர்க்காரர் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் தேர்தல் வைத்தே ஆக வேண்டும். இது எனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு சனிக்கிழமை என் கடைக்கு முன்னால் மீனுக்கு நிற்கிற வரிசையிலேயே பத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். யாரை நிறுத்தப் போற என்று கேட்டேன், "என்னையத்தான், வேற யாரு கக்கூசுக்காக நிப்பா" என்றாள்.

எதிரே நின்றவர் ரோலண்ட் பெக்வித். உனக்கு ஞாபகம் இருக்கும், வீடு விற்கிற அலுவலகம் வைத்திருந்தாரே, நெட்டையான மனுஷன், எப்போதும் டை கட்டியிருப்பார். அவர் பேச்சு நேர்மையான பேச்சுத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வரியிலிருந்து நகர மன்றத்துக்கு வருவது ஒரு சின்னப் பங்கு, அதை வைத்துக் கல்லறைச் சுவரைக் கட்டுவதா கக்கூஸ் கழுவுவதா, கல்லறைச் சுவர் ரோட்டில் விழுந்தால் ஒரு உயிர் போகும் என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் நம் கடையில் புகை போட்ட மீன் வாங்குகிறவர், தேர்தல் நேரத்திலும் வந்தார். "என்ன கிளைவ், எனக்கு விக்கிற மீன்ல முள்ளு கூடுதலா வச்சிருக்கியா" என்றார். "இல்ல சார், உங்க பேச்சுல இருக்கறதே போதும்" என்றேன். சிரித்துவிட்டு அம்மாவின் பிரசாரத் துண்டுத்தாளையும் ஒன்று கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அம்மா வீடு வீடாகப் போனாள். நானும் கூடப் போனேன், கேட்டைத் திறந்துவிடுவதும் நாயைப் பிடித்துக்கொள்வதும் என் வேலை. மில் சாலையில் ஒரு கிழவர் கதவைத் திறந்து, "டோரீன், நீ எந்தக் கட்சி" என்றார். "எந்தக் கட்சியும் இல்ல, கக்கூஸ் கட்சி" என்றாள். "அப்ப நான் ஆயுள் உறுப்பினர்" என்று கதவைச் சாத்தினார். இன்னொரு வீட்டில் ஒரு பெண்பிள்ளை, எங்களுக்கு வரி கூடுமா என்று கேட்டது, கூடும், கொஞ்சம் கூடும் என்று பட்டென்று சொல்லிவிட்டாள். வெளியே வந்து நான் கத்தினேன், வியாபாரம் பண்ணத் தெரியலையே உனக்கு, விலையை முதல்லயா சொல்றது என்று. "நான் மீன் விக்கல கிளைவ்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு மணியை அழுத்தினாள்.

ஓட்டுப் போடுகிற நாள் மழை. மெதடிஸ்ட் தேவாலய மண்டபத்தில் வைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் படம் போட்ட அடையாள அட்டை காட்ட வேண்டும். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜேனட் என்னிடம் முப்பது வருஷமாக மீன் வாங்குகிறவள், என் பஸ் பாஸையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான்தாம்மா" என்றேன். "உங்க வாயால சொன்னா போதாது மிஸ்டர் ராம்ஸ்டன், அட்டை சொல்லணும்" என்றாள், என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள் மற்ற நாளில். மரத்தடுப்புக்குள் நூலில் கட்டிய பென்சில், அம்மா பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி, மடி, பெட்டியில் போடு, முடிந்தது. வாசலில் ஓட்டுப் போட வந்தவர்களின் நாய்கள் நனைந்துகொண்டு நின்றன.

எண்ணியது மறுநாள் காலை டவுன் ஹாலில். வேட்பாளரின் வீட்டுக்காரன் என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கலாம், எதையும் தொடக் கூடாது. தேர்தல் அதிகாரியாகப் பெரிய மன்றத்திலிருந்து ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கையில் கைக்குட்டை. பெட்டியைத் திறந்து கவிழ்த்து, உள்ளே ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று இரண்டு பேருக்கும் காட்டினாள். நான் என் வாழ்நாளில் எவ்வளவோ எண்ணியிருக்கிறேன், ஆனால் இப்படி எண்ணி நான் பார்த்ததில்லை லிண்ட்சி. ஒவ்வொரு தாளும் முகம் மேலே தெரிய, ஒருத்தி எண்ணியதை இன்னொருத்தி எண்ணி, பேச்சு மூச்சில்லாமல். ஏதோ நாட்டையே ஒப்படைக்கப் போகிற மாதிரி. எல்லாம் அந்தக் கழிப்பிடத்துக்காக.

சந்தேகத் தாள்களைத் தனியாக வைத்திருந்தார்கள். அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவுக்கும் பெக்வித்துக்கும் காட்டினாள். ஒருத்தர் இரண்டு பேருக்கும் குறி போட்டு, இரண்டு பேருமே நல்லவர்கள் என்று கீழே எழுதியிருந்தார், செல்லாது. ஒருத்தர் பெருக்கல் குறிக்குப் பதில் சரி குறி போட்டிருந்தார், எண்ணம் தெரிகிறது, செல்லும். ஒருத்தர் இரண்டு பேருக்கும் போடாமல் பூக்கூடை வேண்டாம் என்று எழுதியிருந்தார், அது நான் இல்லை. கடைசித் தாளில் அம்மா பெயருக்கு எதிரே இருக்கிற கட்டத்துக்குள் யாரோ ஒரு மீன் வரைந்திருந்தார்கள். குறி கிடையாது, மீன் மட்டும், வால் செதிலோடு. அந்த நேரத்தில் பெக்வித் முந்நூற்று நாலு, அம்மா முந்நூற்று மூன்று. அந்த மீன் செல்லுமா செல்லாதா என்பதில் எல்லாம் நின்றது. அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, இதைப் பத்தி யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பெக்வித்தைப் பார்த்தாள். நானாயிருந்தால் உண்டு உண்டு என்று மேஜையில் ஏறியிருப்பேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதுல என்ன சந்தேகம், மீன்காரர் மனைவிக்குத்தான் போட்டிருக்காங்க. கிளைவ் எனக்கு விக்கிறதை விட நல்ல மீனா இருக்கு" என்றார். செல்லும் என்று வைத்தாள். சமம். மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் சமம்.

சமமாக வந்தால் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியுமா. சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன், சட்டமே அதுதான். இரண்டு பேர் பெயரையும் ஒரே மாதிரித் தாளில் எழுதி, ஒரே மாதிரி உறையில் போட்டு, எதில் போட்டுக் குலுக்குவது என்று அந்தப் பெண் சுற்றிப் பார்த்தாள். நான் என் தொப்பியைக் கழற்றி நீட்டினேன். "மன்னிக்கணும், அதுல மீன் வாசனை வருது, ஒரு தரப்புக்குச் சாதகமா ஆயிடும்" என்றாள், கொஞ்சம் கூடச் சிரிக்கவில்லை, அவளுக்கு இருந்த சளிக்கு எப்படி வாசனை தெரிந்ததோ. காலியான ஓட்டுப் பெட்டிக்குள்ளேயே போட்டாள். குலுக்கினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டாள். அந்த நேரம் சதுக்கத்து மணிக்கூண்டு அடித்தது, அது அடித்து முடிகிற வரை கையை வெளியே எடுக்காமல் நின்றாள். அப்புறம் உறையைப் பிரித்து, டோரீன் ராம்ஸ்டன் என்று வாசித்தாள். குலுக்கலில் விழுந்த பெயருக்கு ஒரு ஓட்டுக் கூடுதலாக வந்ததாகக் கணக்காம், அப்படியே அறிவித்தார்கள், முந்நூற்று ஐந்து, முந்நூற்று நாலு. மனுஷர் போட்டதோடு விதியும் வந்து வரிசையில் நின்று ஒரு ஓட்டுப் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது எனக்கு. வாயைப் பிளந்தது அப்போதுதான். பெக்வித் கையை நீட்டி அம்மாவின் கையைக் குலுக்கி, "வாழ்த்துகள் டோரீன், கல்லறைச் சுவரையும் மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். கோபமில்லை, முனகலில்லை. மீன் ஏலத்தில் ஒரு பெட்டி கை மாறிப் போனதற்காக ஒருத்தனோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தவன் நான்.

இதோடு முடிந்ததென்று நினைத்தேன். ஆறுக்கு ஐந்து, கழிப்பிடம் தப்பியது, சனிக்கிழமை கடை தப்பியது. கூட்டத்துக்கு முந்தின நாள் அம்மா சமையலறையில் மன்றத்து நடத்தை விதிகளைப் படித்துக்கொண்டிருந்தவள், "கிளைவ், நம்ம மீன் கிடங்கும் அந்தக் கக்கூசும் ஒரே கூரையா" என்று கேட்டாள். ஒரே கூரை, ஒரே உத்திரம், ஒரே மழைத்தண்ணிக் குழாய், கூரையைச் சரி செஞ்சா நமக்கும் ஒழுகாது என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கை ரொம்ப நேரம் சீவினாள்.

கூட்டத்துக்கு நான் போய்ப் பொதுமக்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னைப் போலப் பத்துப் பதினைந்து பேர், சந்தைக்காரர்கள்தான் பாதி, கடைசி வரிசையில் பெக்வித்தும் டையோடு உட்கார்ந்திருந்தார். அம்மா பதவியேற்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள், உன் கல்யாணத்துக்குப் போட்ட நீலக் கோட்டு. மன்றச் செயலாளர் மிஸஸ் கார்வுட் அடுத்ததாக, இன்றைக்குப் பேசப் போகிற எந்த விஷயத்திலாவது யாருக்காவது ஈடுபாடு உண்டா என்று கேட்டார். வழக்கமாக யாரும் வாய் திறக்க மாட்டார்களாம். அம்மா கையைத் தூக்கினாள். "எனக்கு உண்டு, கழிப்பிட விஷயத்துல" என்றாள். நான் பக்கத்திலிருந்த பாலாடைக்கட்டி அக்காவிடம், ஈடுபாடு இல்லாமலா இத்தனை வீடு ஏறி இறங்கினாள் என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து, "யோவ், அந்த ஈடுபாடு இல்லய்யா, இது வேற, சொந்த லாபம் இருக்கான்னு கேக்கறது" என்றாள். வேறதான். கழிப்பிடத்தை எடுத்தால் கூரையைச் செப்பனிட வேண்டும், அதே கூரைக்குக் கீழே எங்கள் கிடங்கு, பெரிய மன்றத்துக்கு வாடகை கொடுத்து வைத்திருக்கிறோம், என் வீட்டுக்காரருக்கு அதில் ஆதாயம் உண்டு என்று அம்மா நின்றுகொண்டு சொன்னாள். அப்படியானால் அந்த விஷயம் பேசும்போது அவள் பேசக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது, அறையிலேயே இருக்கக் கூடாது. இதற்காகவே நின்றவள், இந்த ஒரு ஓட்டுக்காகவே ஊரே வரிசையில் நின்று அவளை அனுப்பியது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து, "ஆதாயம் கூரையில இல்லைய்யா, என் மூத்திரப்பையிலதான் இருக்கு, அதையும் எழுதிக்குங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மேயர் சுத்தியலைத் தட்டினார், பொதுமக்கள் அமைதியா இருக்கணும் என்றார். மிஸஸ் கார்வுட் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாக, "மூத்திரப்பை கணக்குல வராது மிஸ்டர் ராம்ஸ்டன், அது எல்லாருக்கும் உண்டு. கூரைதான் வரும்" என்றார். முன்கூட்டி எழுதிக் கேட்டிருந்தால் விலக்குக் கொடுத்திருக்கலாம் என்றும் அம்மாவிடம் சொன்னார். "முதல் கூட்டத்துலயே எனக்கு மட்டும் விதியத் தளர்த்துங்கன்னு கேக்க மனசு வரல" என்றாள் அம்மா. கோட்டை எடுத்தாள். கைப்பையை எடுத்தாள். போகும்போது நாற்காலியை மேஜைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். யாருக்கும் தெரிந்திருக்காது லிண்ட்சி, அந்தக் கூரை எனக்கும் எலிகளுக்கும் மட்டும் தெரிந்த கூரை. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு ஆள் கேட்டிருக்க மாட்டான். கதவு சாத்திய சத்தம் கேட்டது, ஐந்துக்கு ஐந்து என்று என் மனசு எண்ணியது, துணிக் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்தது பொதுமக்கள் பேசுகிற நேரம், ஆளுக்கு மூன்று நிமிஷம். நான் எழுவதற்குள் பின்னாலிருந்து பெக்வித் எழுந்தார். சரி, புதைத்துவிட்டுத்தான் போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேசியதை நான் அப்படியே எழுதுகிறேன், எனக்கு மறக்காது. "நான் இந்தத் திட்டத்துக்கு எதிரானவன், இன்னிக்கும் எதிரானவன்தான். ஆனா இந்த ஊர்ல முந்நூத்தி நாலு பேர் ஒரு பொம்பளையை ஒரே ஒரு விஷயம் சொல்றதுக்காக இங்க அனுப்பினாங்க. விதி அவங்களை வெளிய அனுப்பிருச்சு. விதி சரிதான். அதுக்காக அந்த முந்நூத்தி நாலு பேரும் வாயில்லாமப் போகக் கூடாது. அவங்க சொல்லியிருக்கக்கூடியதை நான் படிக்கிறேன்" என்று சட்டைப்பையிலிருந்து அம்மாவின் துண்டுத்தாளை எடுத்துப் பிரித்தார். டை கட்டிய மனுஷன், ஒரு வார்த்தை விடாமல், கேலி தொனிக்காமல், அம்மா எழுதியதைப் படித்தார். காபிக் கடையில போய் ஒதுங்கணும்னா ஒரு காபி வாங்கணும், அந்தக் காபிக்கு மறுபடி ஒதுங்க இடம் வேணும் என்று அவள் எழுதியிருந்தாள், அதையும் பாதிரியார் பைபிள் படிக்கிற குரலில் படித்தார். கூட்டம் சிரித்தது, அவர் சிரிப்பு அடங்குகிற வரை காத்திருந்து மீதியையும் படித்தார். பஸ்ஸில் வருகிற வயசானவர்கள் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், அவர்கள் வராத ஊருக்குச் சந்தை எதற்கு என்கிற கடைசி வரி வரைக்கும். "இதுல எதையும் நான் ஒத்துக்கல. ஆனா இதுதான் அவங்க பேச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டாவது தடவை நான் வாயைப் பிளந்தது அப்போது.

கை தூக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் ஐந்து கை. அப்புறம் மெதுவாக ஆறாவது கை. டெர்ரி லம், நிலக்கரிக்காரர் மகன், எப்போதும் தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருப்பான், வேண்டாம் என்கிற பக்கம் என்று நான் எழுதி வைத்திருந்த ஆள். மேயர் அவனைப் பார்த்தார். "எங்கம்மா பஸ்லதான் வர்றாங்க, இவ்வளவு நாள் நான் அதை யோசிக்கல" என்றான். ஆறுக்கு நாலு. கழிப்பிடம் இனி நம் ஊருடையது.

நான் வெளியே ஓடினேன். அம்மா டவுன் ஹால் படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், முகம் வெளுத்திருந்தது, தோற்றுவிட்டோம் என்றே முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், ஆறாவது கையைச் சொன்னேன், பெக்வித் எழுந்ததைச் சொன்னேன், காபி வரியைப் படித்ததைச் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியது, கைக்குட்டையைத் தேடிக்கொண்டே, "நல்ல மனுஷன்னு எனக்கு அப்பவே தெரியும், இல்லாட்டி ஓட்டுப் போட்டிருப்பேனா" என்றாள். எனக்குப் புரியவில்லை. யாருக்கு யார் ஓட்டுப் போட்டது என்றேன். "நான்தான், பெக்வித்துக்கு. நம்ம பேருக்கு எதிர்ல நாமே குறி போட்டுக்கறது எப்படி நல்லா இருக்கும், கேக்குல பெரிய துண்டை நாமே எடுத்து வச்சிக்கிட்ட மாதிரி. உள்ள போனதும் கை வரவே இல்ல" என்றாள். நான் வியாபாரி, கூட்டல் கழித்தல் தானாக ஓடும். தனக்கே போட்டிருந்தால் முந்நூற்று ஐந்து, அவருக்கு முந்நூற்று மூன்று. மறு எண்ணிக்கை இல்லை, குலுக்கல் இல்லை, அந்த மணிச் சத்தம் இல்லை. அடிப் பாவி என்றேன். "கத்தாத கிளைவ், ஜன்னல் திறந்திருக்கு" என்றாள். அப்படின்னா அவரு யாருக்குப் போட்டாரு என்று கேட்டேன். அம்மா என்னை, ஏதோ அவரிடம் உள்ளாடையின் நிறத்தைக் கேட்கச் சொன்ன மாதிரி பார்த்தாள். "அதெல்லாம் கேக்கக் கூடாது" என்று எழுந்து, கூட்டத்தில் மீதி விஷயம் இருக்கிறது, பூக்கூடை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

சரி, தாள் முடிகிறது. வீடு விஷயத்தில் நான் சொன்னதை மறக்காதே, மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், ஃபின்னுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள் அம்மா, மார்பு அளவு வேண்டுமாம், சீக்கிரம் அனுப்பு. நீங்கள் மூன்று பேரும் கண்ணும் கையும் காலும் நன்றாக, ஒருத்தருக்கொருத்தர் துணையாக, நீண்ட காலம் நலமாக வாழ வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனமாக வைத்துக்கொள். அம்மா யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று நான் எழுதியது அவளுக்குத் தெரியக் கூடாது. போனில் பேசும்போது தேர்தல் என்ன ஆச்சு என்று மறுபடியும் கேள், ஒண்ணுமில்ல கண்ணு என்பாள், சரிம்மா என்று சொல்லிவிடு.

உன் அன்பு அப்பா,
கிளைவ் ராம்ஸ்டன்